பத்தே இல்லாத ரொட்டி

ரொட்டியைக் கையில் வாங்கியதும் அவர் கடிக்கமாட்டார். கடைக்கு வெளியே வந்து, வெளிச்சம் விழும் பக்கம் திரும்பி நின்று, இரண்டு கட்டைவிரல்களாலும் அதைப் பிளந்து உள்ளே பார்ப்பார், பல் வைத்தியர் வாயைப் பார்ப்பது போல. பிறகு மூடி, மூன்று கடி கடிப்பார். முதல் கடி ரொட்டிக்கு, இரண்டாவது இறைச்சிக்கு, மூன்றாவது சந்தேகத்துக்கு. மூன்றாவது கடி தொண்டையில் இறங்கியதும், "இது அது இல்ல, சர்வேயர்" என்று சொல்லி மீதியை என்னிடம் நீட்டுவார்.

அப்படி அவர் நீட்டி நான் தின்றவை ஐம்பத்தேழு. பாரிசின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் இருபத்தாறு, பெல்வில் பக்கம் பத்தொன்பது, மற்றப் பன்னிரண்டும் அங்குமிங்கும். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். பாரிசுக்கு வந்து இருபத்தெட்டு வருடம் உணவகச் சமையலறைகளில் தட்டுக் கழுவியபோது தட்டுகளை எண்ணினேன். இப்போது ஓய்வு. ஆனாலும் மாடிப்படி, தூண், வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் தலைகள் என்று எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊரில் ரொட்டியைப் பாண் என்போம். அவருக்கு அது ரொட்டி. அவரைப் பற்றி எழுதுவதால் ரொட்டி என்றே எழுதுகிறேன்.

அவரை நான் தேடிப் போனது ஒரு கடிதத்துக்காக. ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் வடக்கு முனையில், லா சப்பல் மெத்ரோ பாலத்துக்கு முன்னால் ஒரு தேநீர்க்கடை. செவ்வாயும் வியாழனும் கதவோரத்து மேசையில் அவர் உட்கார்ந்திருப்பார். புதுச்சேரிக்காரர், கத்தோலிக்கர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சில் கடிதம் எழுதத் தெரியாத எங்கள் ஆட்களுக்கு எழுதிக் கொடுப்பார், ஒரு சதமும் வாங்கமாட்டார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் சைகோன் ஐயா. தகப்பனார் பிரெஞ்சுக்காரரின் கீழ் சைகோனில் சுங்க வேலை பார்த்தவர். இவர் அங்கேதான் பிறந்தார். பதினோரு வயதில் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்.

என்னுடைய பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக இருந்தது. அதைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதம் வேண்டும். அவர் எழுதினார், வாசித்தார், கிழித்தார். மறுபடி எழுதினார், கிழித்தார். நான்காவதையும் கிழித்தபோது நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.

"ஐயா, நாலு மணிக்குக் கந்தோர் பூட்டிப்போடுவாங்கள்."

"பூட்டட்டும். தப்பான கடிதத்தைத் தொறந்திருக்கிற ஆபீஸ்ல குடுத்து என்ன பிரயோசனம்?"

"நாலாவதிலை என்ன பிழை?"

"பிழை இல்ல. ஆனா சரியும் இல்ல."

ஐந்தாவதில் கையெழுத்து வைத்தேன். கந்தோர் பூட்டிவிட்டது. மறுநாள் மழையில் போய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் பெயர் திருத்தி வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். என்ன கைம்மாறு செய்வது என்று கேட்டேன். "சனிக்கிழமை வேலை ஏதாவது இருக்குதா?" என்றார்.

ஐம்பத்தேழும் அப்படித்தான் தொடங்கின. அவருக்குச் சர்க்கரை வியாதி, முழு ரொட்டி ஆகாது. ரொட்டியைத் தூக்கி எறிவது அவருக்குப் பாவம். ஆகவே மீதியைத் தின்ன ஒரு வயிறு வேண்டியிருந்தது. அந்த வயிறு நான். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி ஏறியதில்லை. அறுபத்து மூன்றாவது வயதில் முதல்முறையாக அதை நான் தின்றது பதின்மூன்றாம் வட்டாரத்துப் பேருந்துத் தரிப்பிடம் ஒன்றில், அவர் கையில் இருந்து வாங்கி. வீட்டில் சொல்லாமல் விட்டிருக்கலாம். மனுசிக்கு என் சட்டையில் மணந்துவிட்டது.

"ஆறு மணிக்கு விபூதி, பத்து மணிக்குப் பண்டியோ?"

"அந்தாள் தந்தது. எறியேலாதப்பா."

"அந்தாள் நஞ்சு தந்தாலும் எறியேலாதெண்டு திண்டுபோட்டு வாங்கோ. கொலஸ்ட்ரோல் குளுசையையும் அந்தாளிட்டையே வாங்குங்கோ."

அவர் தேடியது என்னவென்று எனக்கு மனப்பாடம். கை வைத்தால் நொறுங்கும் மெல்லிய தோல் உள்ள, உள்ளே காற்றாக இருக்கும் சின்ன ரொட்டி. அதற்குள், வாழையிலையில் இறுக்கிச் சுற்றி அவித்து ஆறவைத்த பன்றி இறைச்சி உருளையிலிருந்து, கண்ணாடி போல் சீவிய துண்டுகள். வினாகிரியில் ஊறிய முள்ளங்கி, கரட். பச்சை மிளகாய். கொத்தமல்லி. இவை எல்லாவற்றுக்கும் அடியில், ரொட்டியின் மேல் பூசிய பத்தே. ஈரலை அரைத்து வேகவைத்த அந்தப் பசையைப் பிரெஞ்சுக்காரர் இங்கேயும் ரொட்டியில் பூசித் தின்கிறார்கள். அவருடைய ஏழாவது வயதில் சைகோன் சந்தை வாசலில் ஒரு ரொட்டிக்காரி இப்படிச் செய்து விற்றாளாம். பள்ளிக்கூடம் போகும் வழியில் அக்காவும் அவருமாக ஒன்றைப் பாதியாக்கித் தின்பார்களாம். அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவர்.

விற்பவர்களும் இலேசுப்பட்டவர்கள் இல்லை. வடக்கு வியட்நாம்காரன் தெற்கத்தியான் ரொட்டியைக் குப்பைக் கூடை என்றான். தெற்கத்தியான், வடக்கத்தியான் ரொட்டி பட்டினி கிடக்கும் என்றான். நான் முன்பு வேலை செய்த உணவகத்துச் சமையல்காரன் வியட்நாமின் மலைநாட்டு ஆள். காய்ந்த இறைச்சியோடு வெண்ணெய் வைப்பவனைத் தன் ஊரில் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்று அவன் சொன்னபோது சைகோன் ஐயா எழுந்து அவன் கையைக் குலுக்கினார். "இவனுக்குத் தெரியுது, சர்வேயர்." அவனுடைய ரொட்டியையும் மூன்று கடிதான் கடித்தார்.

தேநீர்க்கடைக்காரர் அவரைச் சீண்டாமல் விடமாட்டார்.

"சைகோன் ஐயா, எங்கட கொத்துரொட்டியைத் திண்டு பாருங்கோ. திண்டிட்டு இது அது இல்லையெண்டு சொல்லுங்கோ, போர்டிலை எழுதிப் போடுறன்."

"எழுதுங்க. ஆனா எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க. வெளிய மாட்டிருக்கீங்களே ஒரு போர்டு, அதுல மூணு இருக்குது."

கடைக்காரர் வெளியே போய்ப் பார்த்தார். மூன்று இருந்தன. நான்காவது ஒன்றும் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

பெல்விலில் ஒரு கடை. கல்லாவில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், மூக்கில் வளையம். அவர் வியட்நாமிய மொழியில் அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தக் கடையிலும் இப்படித்தான்: உருளையை வாழையிலையில் சுற்றினீர்களா, பிளாஸ்டிக்கிலா, ரொட்டி எத்தனை மணிக்கு வந்தது. அவள் முதலில் வாயைப் பொத்தினாள், பிறகு வெடித்துச் சிரித்தாள். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனார். நான் அவளிடம் பிரெஞ்சில் காரணம் கேட்டேன். "அவர் என்னை அத்தை என்கிறார், தன்னைக் குழந்தை என்று சொல்லிக்கொள்கிறார். ஆறு வயதுப் பிள்ளை கேட்பது போலக் கேட்கிறார்" என்றாள்.

வெளியே வந்து அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பதினோரு வயசுல அந்த பாசை என்கிட்ட நின்னுபோச்சு. அப்ப கடைக்காரிங்க எல்லாம் எனக்கு அத்தைதான். வேற மாதிரிப் பேச எனக்கு யாரும் சொல்லித் தரல."

பிறகு ரொட்டியைப் பிளந்து பார்த்தார். அது நாற்பத்தொன்றாவது.

அந்தக் காலத்தில் எனக்கு அலுத்துவிட்டது. முழங்கால் வலி, மெத்ரோவில் நகரும் படிகள் எப்போதும் பழுது, சனிக்கிழமைகளில் கட்டாயம் மழை. ஐம்பதாவது ரொட்டி முடிந்த அன்று ஒரு சுவரில் சாய்ந்து நின்று கேட்டேவிட்டேன்.

"அண்ணை, இது கிடைச்சால் என்ன செய்யப் போறியள்? அதைச் சொல்லுங்கோ முதல்."

அவர் மெத்ரோவில் ஏறி, இடம் கிடைத்து உட்கார்ந்து, நான்கு நிலையங்கள் போன பிறகு சொன்னார்.

அக்கா பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறார். அத்தான் இறந்த முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டில் சாப்பாடு நடந்தது. வந்தவர்களுக்கு நடுவில் சைகோன் பேச்சு வந்தது, ரொட்டிப் பேச்சு வந்தது. அதில் பத்தே இருந்தது என்றார் இவர். இல்லவே இல்லை என்றார் அக்கா. "பத்தே வாங்க அந்த ரொட்டிக்காரிக்கு ஏது வசதி? மீன் சாறு தெளிச்சு மிளகு தூவினா, அவ்வளவுதான். காசு குடுத்து வாங்கினவ நான். நீ நான் வாயில வச்சதைத் தின்ன." இவர் விடவில்லை. இருந்தது, இல்லை, இருந்தது. கடைசியில் எல்லோரும் கேட்க, "அக்காவுக்கு மறதி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டார். கணவனைப் புதைத்து முப்பது நாள் ஆன மனுசி. அக்கா எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். இவர் வெளியே போனார்.

"எவ்வளவு காலம்?"

"ஆறு வருசம்."

"போய் மன்னிப்புக் கேளுங்கோவன். இதுக்கு ஏன் பாண்?"

"வெறுங்கையோட போனா என்ன சொல்றது? மறுபடி அதே பேச்சுதான் வரும். சரியானது கையில இல்லாம அந்தக் கதவைத் தட்டமாட்டேன். கையில இருந்தா, பிளந்து காட்டலாம். இதோ பாருங்க அக்கா, பத்தே. முடிஞ்சுது."

அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது என்றும் சொன்னார். சிறுநீரகத்துக்கு வாரம் மூன்று முறை இயந்திரத்தில் படுக்கிறாராம். தொலைபேசியில் ஒரு சொந்தக்காரி சொல்லித்தான் அவருக்கே தெரியும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் இரண்டு ரொட்டி என்ற வேகம் போதாது. அடுத்த சனிக்கிழமை முதல் முணுமுணுக்காமல் போனேன்.

ஐம்பத்தெட்டாவது ரொட்டி கிடைத்தது கடையில் இல்லை. வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் ஞாயிறு பூசைக்குக் கூடும் ஒரு தேவாலயம், அதன் பின்கூடத்தில் கிடைத்தது. பூசை முடிந்ததும் பெண்கள் வீட்டில் செய்த பண்டங்களை மேசைகளில் வைப்பார்கள். இதுவரை அவர் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம், அது வீட்டுப் பெண்கள் பொழுதுபோக்குக்குச் செய்வது என்ற நினைப்பு. கடைசி மேசையில் தொண்ணூறை நெருங்கும் ஒரு கிழவி. சக்கரம் வைத்த சந்தைப் பையில் தடித்த துணி சுற்றி முப்பது ரொட்டி. அவர் அத்தை என்று கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு இடத்தில் அந்த முறை சரியாக இருந்தது.

வெளியே வந்தார். பிளந்து பார்க்க மறந்துவிட்டு நேராகக் கடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். அவர் நான்காவது முறை கடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"மிளகு" என்றார்.

அப்புறம்தான் திறந்து பார்த்தார். சீவிய இறைச்சி, ஊறிய முள்ளங்கி, கொத்தமல்லி, மீன் சாறு இறங்கி மஞ்சளாகிப் போன ரொட்டி. பத்தே இல்லை. துண்டுகளை விரலால் ஒதுக்கி அடியில் தேடினார். அங்கும் இல்லை.

"இதான் சர்வேயர். இதேதான். அக்கா சொன்னதுதான் சரி."

இத்தனை காலம் தேடியது கிடைத்தவரின் முகமாக அது இல்லை. கடிதத்தில் தன் பிழையைத் தானே கண்டுபிடித்தவரின் முகமாக இருந்தது.

உடனே சார்செலுக்குப் போவார் என்று நினைத்தேன். மூன்று ஞாயிறு போகவில்லை. ஒரு ஞாயிறு இருமல் என்றார், ஒரு ஞாயிறு ரயில் வேலைநிறுத்தம், ஒரு ஞாயிறு காரணமே சொல்லவில்லை. நான்காவது ஞாயிறு நான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அண்ணை, அந்தக் கிழவிக்குத் தொண்ணூறு வயசு. உங்கட அக்காவுக்கு மிசின். எனக்கு முழங்கால். நாங்கள் ஒருதரும் காத்துக்கொண்டிருக்க ஏலாது. வெளிக்கிடுங்கோ."

இரண்டு ரொட்டி வாங்கினோம். கார் து நோர் நிலையத்தில் புறநகர் ரயில், பிறகு பேருந்து. அக்காவின் மாடிக்கட்டடத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஏழாவது மாடி, நூற்றுப் பன்னிரண்டு படி. ஒவ்வொரு மாடியிலும் நின்று, பையைத் திறந்து, ரொட்டி நசுங்கவில்லையா என்று பார்த்தார். ஐந்தாவது மாடியில், "இறங்கிடலாமா?" என்றார். "எண்பது ஏறியாச்சு. இனி இறங்கேலாது" என்றேன்.

கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான் அக்கா."

"நான்தான்னா?"

"தம்பி."

"எந்தத் தம்பி? எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்குத்தான் வழி மறந்துபோச்சே."

அவர் கதவின் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உள்ளே பூட்டு திறந்தது. சின்ன உருவம், கம்பளிச் சட்டை, இடது கையில் ஊசி குத்திய தழும்புகள். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவரு யாரு?"

"சிநேகிதர், அக்கா. லா சப்பல்ல இருக்கார்."

"மூச்சு வாங்குதே அவருக்கு. ஏழு மாடி ஏத்திட்டு வந்திருக்கியே, அறிவிருக்குதா? உள்ள வாங்க. கையில என்னடா?"

"ரொட்டி."

அக்கா தட்டு எடுத்து வைத்தார். அவர் காகிதத்தைப் பிரித்து வைத்தார். ஆறு வருடமாக என்ன சொல்லவேண்டும் என்று ஒத்திகை பார்த்த மனிதர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு நடுவில் வைத்திருந்தார். அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். கண்ணை மூடினார். பிறகு ரொட்டியை இரண்டு கட்டைவிரல்களாலும் பிளந்து உள்ளே பார்த்தார்.

"பத்தே எங்கடா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். நான் எண்ணினேன். ஆறு விநாடி.

"வைக்க மறந்துட்டாங்க, அக்கா."

"அதானே பார்த்தேன். பத்தே இல்லாம என்ன ரொட்டி? நீதான் சொல்லுவியே. அடுத்த வாரம் வச்சு வாங்கிட்டு வா."

அக்கா மீதியையும் தின்றார். பல்லுக்குக் கடினம் என்று குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தேநீர் கிடைத்தது, சீனி கூட.

இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அண்ணை சொல்லேல்லை? அவா சொன்னதுதான் சரியெண்டு சொல்லத்தானே வந்தனீங்கள்!"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"எனக்காக விட்டுக் குடுத்தாங்களா, நிஜமாவே மறந்துபோச்சா? ரெண்டுல எதுன்னு கேக்கச் சொல்றீங்களா, சர்வேயர்?"

மூன்றாவது மாடியில் அவரே, "கேக்கமாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஞாயிறுகள் அவர் சார்செலுக்குப் போனார். படியேற முடியாததால் நான் ஒன்பது முறைதான் கூடப் போனேன். இருபத்து மூன்றாவது ஞாயிறு அக்கா மருத்துவமனையில் இருந்தார், அங்கிருந்து திரும்பவில்லை. அடக்கத்தில் நான் பின்வரிசையில் நின்றேன். அடுத்த வருடம் அவரும் மகன் இருக்கும் தெற்குப் பக்கம் போய்விட்டார். இரண்டு கடிதம் வந்தது, இரண்டிலும் ஒரு எழுத்துக்கூட அடித்துத் திருத்தியிருக்கவில்லை. எத்தனை முறை கிழித்து எழுதினாரோ தெரியாது. மூன்றாவது கடிதம் வரவில்லை. சனிக்கிழமைகளில் இப்போது வீட்டில் இருக்கிறேன். மனுசிக்குச் சந்தோசம்.

அந்த இருபத்திரண்டில் முதலாவதுதான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. தேவாலயத்துப் பின்கூடம், எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். முறை வந்ததும் அவர் மேலங்கிப் பையிலிருந்து ஒரு பத்தே டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். பெரிய அங்காடியில் விற்கிற, வளையம் இழுத்துத் திறக்கிற மட்டமான டப்பா. இதைவிடத் தரமான பத்தேயை வைத்த கடைகளை அவர் மூன்று கடியில் தள்ளியிருக்கிறார். ஒரு ரொட்டியில் இதைப் பூசித் தரவேண்டும் என்று கிழவியிடம் கேட்டார்.

கிழவி டப்பாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தன் மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கி, அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி உடைந்த பிரெஞ்சில் கத்தினாள். என் ரொட்டியிலா, பத்தேயா? என் அம்மா செய்தது இது, அவளுடைய அம்மா செய்தது. ஒருத்தரும் ஒரு நாளும் இதில் அதைப் பூசியதில்லை. பிரெஞ்சுக்காரனோடு இருந்து இருந்து உனக்கு நாக்குச் செத்துவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு பொய் ரொட்டியைக் கேட்க வெட்கமாக இல்லையா?

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். கடிதத்தில் ஒரு காற்புள்ளிக்காகக் கந்தோரையே பூட்டவிட்ட மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"யார் உன்னை இப்படித் தின்னப் பழக்கியது?" என்றாள் கிழவி.

"என் அக்கா" என்றார்.

கிழவி டப்பாவை எடுத்து, முன்சீலையில் துடைத்து, வளையத்தை இழுத்தாள்.